சியேனி சொல்ல இருந்ததை நான் சொல்லிவிட்டேன்

ஆப்பியா,
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகள் லோசாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பிரிஸ்பேன் குளிரில் நீயும் மாப்பிள்ளை அமோசாவும் என் பேத்தி தங்கம் தெயுயிலாவும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லாமல் நான் எழுந்திருப்பதில்லை. அப்பாவுக்குக் கால் பெருவிரல் மறுபடி வீங்கிக் கிடக்கிறது. டின் மாட்டிறைச்சியை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னால், "டின்ல சாப்பிடறத நிறுத்திட்டேன் டாக்டர், இப்பல்லாம் தட்டுல கொட்டித்தான் சாப்பிடறேன்" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்துவிட்டு வருகிறார். உன் தம்பி செமிசி சமையல் கொட்டகைக்கு ஒரு பக்கம் மட்டும் புதுத் தகரம் போட்டான், மறுபக்கம் அடுத்த வாரம் என்றான், எத்தனையோ அடுத்த வாரம் போய்விட்டது. மழை வந்தால் நானும் அடுப்பும் ஒரு ஓரமாக ஒண்டிக்கொள்கிறோம். மற்றபடி குறை ஒன்றுமில்லை.

போனில் பேசாமல் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் அடித்தால் தெருவில் போகிறவர் வரை வந்து உட்கார்ந்து, லோசா எப்படி இருக்கே என்று கேட்கிறார்கள். இது அப்படி எல்லோர் காதிலும் விழப் பேசுகிற விஷயமில்லை. அமோசாவின் அக்கா புதன்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் குழு வகுப்பில் பேசியதை வீடியோவாக உனக்கு அனுப்பினேன் அல்லவா, நீ அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கூப்பிட்டு, "அம்மா, உனக்கு இப்படிப் பேச வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாய், பெருமையில் உன் சபைப் பெண்களுக்கெல்லாம் அனுப்பினாய். லோசா, இதைப் படித்த கையோடு அதை எடுத்துவிடு. யார் யாருக்கு அனுப்பினாயோ அவர்களிடமும் நீயே கேட்டு அழிக்கச் சொல். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அனுப்பியவள் நான். ஏன் என்று சொல்லாமல் அழி என்று மட்டும் சொன்னால் உன் மனம் அடித்துக்கொள்ளும், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

பாலர் பள்ளியில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டதால்தானே இந்த வயதில் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போனேன். எங்கள் ஆசிரியை நோவேமா சீட்டுப் போட்டுக் குழு பிரித்தார். எனக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ரோபாட்டி, வகுப்பிலேயே ஒரே ஆண்பிள்ளை, வாயைத் திறந்தால் கிண்டல்தான், ஆனால் கம்ப்யூட்டர் வேலையில் கெட்டிக்காரன். இன்னொருத்தி சியேனி. தெற்குக் கரையில் வாழ்க்கைப்பட்டவள், சவாயி தீவில் பிறந்தவள், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகளைத் தண்ணீரில் இருந்து காப்பது எப்படி என்ற தலைப்பை எடுத்தது அவள்தான். மற்ற தலைப்பெல்லாம் சுலபமாகக் கிடக்க, இது எதற்கு என்று ரோபாட்டி முனகினான், அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் நம் வீட்டில்தான் கூடினோம். தரையில் பெரிய தாளை விரித்து ரோபாட்டி படம் வரைவான், நான் கோகோ காய்ச்சி ஊற்றுவேன். அவன் வரைந்த குழந்தையைப் பார்த்து அப்பா, "இது பிள்ளையா, பலாக்காயா?" என்று கேட்க, "மாமா, உங்க சின்ன வயசுப் படத்தப் பாத்துத்தான் வரைஞ்சேன்" என்று அவன் திருப்பிக் கொடுக்க, சியேனிகூட வாய்விட்டுச் சிரித்தாள். மாதர் சங்கத்தில் பேசிப் பழகிய குரல் என்று தொடக்கம் எனக்கு, படங்களைத் திரையில் காட்டி விளக்குவது ரோபாட்டிக்கு, மூச்சு நின்ற பிள்ளைக்கு எப்படி மூச்சு ஊதுவது என்று பொம்மையை வைத்துச் செய்து காட்டுவது சியேனிக்கு. "கடைசிப் பகுதி எனக்குத்தான் வேணும் அக்கா. செஞ்சு காட்டிட்டு நானே முடிச்சுக்கறேன்" என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அதிகம் பேசாத பெண் கடைசியை ஏன் கேட்கிறாள் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ரோபாட்டி வர நேரமாகிவிட்டது, அப்பாவும் வீட்டில் இல்லை. நானும் அவளும் அந்தப் பொம்மைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா ஆற்றங்கரையில் விட்டுப் போனதும், கூட்டாளிப் பெண்கள் பந்து விளையாடக் கூப்பிட்டதும், இவள் போனதும், திரும்பி வந்தபோது பிள்ளையின் சட்டை மட்டும் கல்லின்மேல் கிடந்ததும். வீடியோவில் நீ கேட்டாயே, அதுதான். அழாமல் சொன்னாள், ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வீட்டுக்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். மாமியாருக்குத் தெரியாது. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல அக்கா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குள்ளேயே இருக்கும் என்று சொன்னேன்.

பேசும் நாளன்று எல்லோரும் புது உடுப்பு. நான் நீ அனுப்பிய நீலத் துணியில் தைத்த புலெதாசி உடுத்தி, காதில் பூ வைத்துக்கொண்டு போனேன். வேறு பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் அம்மா ஒருவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் பேசிய குழு பாட்டும் ஆட்டமுமாய் எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்துவிட்டது. எங்கள் முறை வந்தது, ரோபாட்டி பொத்தானை அழுத்தினான், கரண்டு போயிற்று. திரையும் இல்லை, படமும் இல்லை, மின்விசிறியும் நின்றுவிட்டது. "அத்தை, சமாளிங்க, ஆபீஸ்ல ஜெனரேட்டர் இருக்கு, வயர் இழுத்துட்டு வந்துடறேன்" என்று அவன் ஓடினான். நான் என் பகுதியைப் பேசினேன், சீக்கிரமே தீர்ந்துவிட்டது. மறுபடி அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள், இரண்டு பேர் போனைத் தடவினார்கள், அந்த மேற்பார்வை அம்மா சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சியேனி பக்கத்தில் பொம்மையோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்து, நீ ஆரம்பி என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் இருந்தாள், ஒரு ஆறு இருந்தது என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது.

பயத்தில் உளறிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம், பாதிதான் அது உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல, விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன, போன்கள் மடிக்குப் போயின, சன்னலைப் பார்த்த அம்மா என்னைப் பார்த்தார். அந்த அமைதி எனக்கு இனித்தது, லோசா. அதனால்தான் நிறுத்தாமல் கடைசிவரை போனேன், கல்லின்மேல் கிடந்த சட்டைவரை போனேன். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் முடிக்கும்போது சியேனி பக்கம் திரும்பிப் பார்த்தேன். அது போதாதா, வகுப்பு முழுக்க என் பார்வையோடு திரும்பியது. அவள் அந்தப் பொம்மையை இடுப்பில் வைத்திருந்தாள், கைப்பிள்ளையை வைத்திருப்பது போலவே.

அவள் அழவில்லை. பொம்மையை மேசையில் கிடத்தி, தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்து, எப்படி ஊத வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று ஒன்றுவிடாமல் செய்து காட்டினாள். செய்து முடித்ததும் நன்றி என்று ஒரே சொல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், மேற்பார்வை அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டார், மற்றவர்கள் சியேனியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் கம்பம் போல நின்றாள். அந்த நேரம் பார்த்து வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த ரோபாட்டி, "என்ன இது, யாரு செத்தா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. சியேனி அவனைத் தாண்டி வெளியே போனாள், சாலையில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறினாள், அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. எல்லாக் குழுவிலும் எங்களுக்குத்தான் அதிக மதிப்பெண். எங்கள் பேச்சைப் படமெடுக்கச் சன்னல் மேடையில் ரோபாட்டி வைத்துவிட்டுப் போன போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதைத்தான் அன்று மாலையே உனக்கு அனுப்பினேன். அவள் வெட்கப்பட்டுப் போயிருப்பாள், திங்கட்கிழமை வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அனுப்பினேன்.

அடுத்த வாரம் நோவேமா, போன வாரம் சியேனி செய்து காட்டியதை ஒருவர் வந்து செய்யுங்கள் என்று பொம்மையை வைத்தார். ஒருவர் கையும் எழவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆறு எல்லோருக்கும் நினைவிருந்தது, கல்லின்மேல் கிடந்த சட்டை நினைவிருந்தது. பிள்ளையைப் பிழைக்க வைக்கிற வழி எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

பிறகுதான் செய்தி வந்தது. உன் சபையில் சியேனியின் கணவனுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருக்கிறாளாம், அவள் வீடியோவில் அண்ணியின் முகத்தைப் பார்த்து, ஊருக்குப் போன் போட்டு மாமியாரிடம் கேட்டிருக்கிறாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆறுதல் சொல்லத்தான். எனக்குத் தூக்கம் போயிற்று. மன்னிப்புக் கேட்கிற நம் ஊர் வழக்கப்படி வீட்டில் இருக்கும் நல்ல பாயை எடுத்துத் தலையில் போர்த்திக்கொண்டு அவர்கள் வீட்டு முன்னால் போய் உட்காருகிறேன், மன்னித்து அவர்கள் பாயை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா காலை நீட்டியபடியே என்னைப் பார்த்து, "நீ அங்க போயி உக்காந்தா எதுக்கு உக்காந்திருக்கேன்னு ஊரே கேக்கும். தெரியாத மிச்சப் பேருக்கும் தெரியட்டும்னா போறே? சும்மா ஒரு மனுஷியாப் போயிட்டு வா" என்றார். அவர் சொன்னது சரி. என் மன்னிப்பைக்கூட மேடை போட்டுத்தான் எனக்குக் கேட்கத் தெரிகிறது.

வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனேன். சியேனி கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து பாய் போட்டாள், தேநீர் வைத்தாள், அந்த மரியாதை என்னைக் கொன்றது. நான் வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. "அழாதீங்க அக்கா. நீங்க அழுதா நான் உங்களத் தேத்தணும். இன்னைக்கு எனக்கு அதுக்குத் தெம்பில்ல" என்றாள். அடக்கிக்கொண்டேன். அவள் துருவிக்கொண்டே பேசினாள். "நீங்க சொன்னது ஒண்ணும் பொய் இல்ல. ஆனா அத நானே சொல்லலாம்னுதான் அன்னைக்கு வந்தேன். கடைசிப் பகுதிய எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க? என் வாயால ஒரு தடவ எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா, வீட்டுக்கு வந்து அத்தைகிட்டயும் சொல்லிடுவேன், பயம் விட்டுரும்னு அவருகிட்ட சொல்லிட்டு வந்தேன். இப்ப நான் யாருகிட்டப் போயிச் சொன்னாலும், உங்க பேரச் சொல்லி, தெரியும், மாலியா சொல்லிக் கேட்டிருக்கோம்னுதான் சொல்லுவாங்க" என்றாள்.

அந்த நேரம் மாமியார் சியேனியின் சின்னவனை முதுகில் சுமந்துகொண்டு தோட்டத்துக்குப் போனார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், மருமகளை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. முன்பெல்லாம் பிள்ளையை இவளிடம் விட்டுவிட்டுத்தான் போவாராம். இப்போது வெயிலோ மழையோ தூக்கிக்கொண்டே போகிறார். "ஒரு வார்த்த கேக்கல அக்கா. கேட்டாப் பரவால்ல" என்றாள். நான் என்ன செய்ய வேண்டும், சொல், எது சொன்னாலும் செய்கிறேன் என்றேன். "அந்தப் படம் எங்கெங்க இருக்கோ எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் என்னப் பத்தி எங்கயும் பேசாதீங்க. நல்லதாக்கூடப் பேசாதீங்க" என்றாள். சாலைவரை கூடவே வந்தாள், பஸ் வரும்வரை நின்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

ரோபாட்டி அன்றே அழித்துவிட்டான், முதல்முறையாக அவன் ஒரு கிண்டலும் செய்யாமல் இருந்ததைப் பார்த்தேன். நோவேமாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, என் பகுதி மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள் என்றேன். குழுவுக்குக் கொடுத்ததைத் தனியாகப் பிரிக்க முடியாது என்றார். ஆனால் அவர் சியேனி வீட்டுக்குப் போய் அடுத்த ஆண்டு வந்து முடிக்கச் சொல்லியிருக்கிறார், அவள் பார்க்கலாம் என்றாளாம். மேற்பார்வை அம்மா வேறு ஊர்ப் பள்ளிகளிலும் வந்து அதே பேச்சைப் பேசச் சொல்லி ஆள் அனுப்பினார், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மாதர் சங்கத்திலும் இப்போது பேசக் கூப்பிட்டால் வேறொருத்தியைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இந்தக் கடிதமும் அவளைப் பற்றிப் பேசுவதுதான் என்று எனக்குத் தெரியும், உன்னிடம் இருப்பதை எடுக்கச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. அந்தத் தங்கைக்காரியை சபையில் பார்த்தால் வழக்கம்போல் சிரித்துப் பேசு, இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

சம்பள நாளில் டின் இறைச்சி வாங்கி அப்பாவுக்கு அனுப்பிவிடாதே, அவர் ரகசியமாகக் கேட்டிருப்பார். அமோசாவை இரவு வேலை முடிந்து வரும்போது காரை மெல்ல ஓட்டச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும், என் பேத்தி நெடுநாள் வாழட்டும். முக்கியமாக ஒன்று, தெயுயிலாவைக் குளிப்பாட்ட உட்கார்ந்தால் கதவு தட்டினாலும் போகாதே, நான் போன் செய்தாலும் எடுக்காதே, துண்டு எடுக்க மறந்திருந்தால் ஈரத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போய் எடு. உன் கூட்டாளிப் பெண்களுக்கும் சொல். எங்கே கற்றாய் என்று யாராவது கேட்டால் யார் பெயரையும் சொல்ல வேண்டாம்.

உன் அம்மா,
மாலியா