கரியாஹாட் மருந்துச்சீட்டு

கும்பகோணம்
3.2.2025

அன்புள்ள நரேனுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை. அதனால்தான் உங்கள் நம்பரைத் தடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அம்மாவும் அப்பாவும் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

கிரீஷ் யார்? துவைக்கப் போட்ட உங்கள் சட்டைப்பையில் அந்தப் பெயரில் ஒரு மருந்துச்சீட்டு இருந்தது. ஆபீஸில் மீட்டிங் என்று நீங்கள் சொன்ன மத்தியானம், நாம் அண்ணி மாதிரி நினைக்கும் பக்கத்து ஃப்ளாட் ஸ்மிதா பௌதி உங்களைக் கரியாஹாட்டில் பார்த்திருக்கிறார். இரண்டு மாதமாக என் பக்கம் திரும்பிக்கூடப் படுப்பதில்லை. என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

மிருதுளா


சால்ட் லேக், கொல்கத்தா
8.2.2025

அன்பு மிருது,

கிரீஷ் நான்தான். சிரிக்காதே. எனக்கு இடது விதையில் வலி. திடீரென்று பிடிக்கும், அரை மணியில் விட்டுவிடும். லேக் மார்க்கெட் மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பது உன் பெரியப்பா வெங்கட்ராமன். அங்கே ஒரு சீட்டை நீட்டினால் சாயங்காலத்துக்குள் ஊர்த் தமிழர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் கரியாஹாட்டில் வேறு பெயரில் டாக்டரைப் பார்த்தேன். உன்னிடம் சொல்லவும் வெட்கம்.

கிருமித் தொற்றாக இருக்கலாம், ரத்தக்குழாய் வீக்கமோ குடலிறக்கமோ இருக்கலாம், சிறுநீரகக் கல் இருந்தால்கூட அங்கே வலிக்கும் என்றார். விதை முறுக்கிக்கொண்டு விடுபடுகிறதோ என்றும் சந்தேகப்படுகிறார். சீக்கிரம் ஸ்கேன் எடுக்க வேண்டும். வலி வந்து விடாமல் இருந்தாலோ, வாந்தி வந்தாலோ யோசிக்கவே கூடாதாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமாம்.

உன் நரேன்


கும்பகோணம்
12.2.2025

நரேன்,

தொற்று எப்படியெல்லாம் வரும் என்று நானும் படித்தேன். உறவாலும் வருமாமே. பேரை மாற்றிச் சொன்னவர் ரிப்போர்ட்டை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

மார்ச் ஒன்று, சனிக்கிழமை வருகிறேன். சேர்ந்தே போவோம். டாக்டர் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும். அதுவரை தனியாக எந்த டாக்டரிடமும் போகாதீர்கள். போனதாகத் தெரிந்தால் நான் வரமாட்டேன். அவ்வளவுதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

மிருதுளா


கொல்கத்தா
20.2.2025

மிருதுளா,

ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வலி வந்தது. இந்த முறை விடவில்லை. பத்து மணிக்கு வாந்தி. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது, நீ எழுதியதும் ஞாபகம் இருந்தது. உனக்குப் போன் செய்து பார்த்தேன், போகவில்லை. போய்விட்டால் நீ வரமாட்டாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு நான் முனகுவது கேட்டு ஸ்மிதா பௌதி கதவைத் தட்டினார். "எக்குனி சோலோ, இப்பவே கிளம்பு" என்று காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்.

இடது விதையை எடுத்துவிட்டார்கள். முறுக்கிக்கொண்டு ரத்தம் போகாமல் செத்துவிட்டதாம். காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இன்னொன்று முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தைத்திருக்கிறார்கள். அது ஒன்றே போதும், குழந்தை பிறக்கும் என்கிறார். தொற்று எதுவும் இல்லை.

முதலில் ஒளித்தது நான். அதற்கு மன்னித்துவிடு. ஆனால் அந்தப் பத்து மணி நேரமும் எனக்கு வலியைவிட உன்னிடம்தான் பயமாக இருந்தது. இப்படிப் பயந்துகொண்டு என்னால் இனிமேல் குடித்தனம் நடத்த முடியாது.

மார்ச் ஒன்று டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

நரேன்