மூடிக்குள் உப்பு

மச்சான்,

கையில் இன்னும் பெற்றோல் மணக்கிறது. கழுவப் பொறுமையில்லை. வீட்டுக்குள்ளும் இருப்புக் கொள்ளவில்லை. பிக்கப்பின் பொனட்டில் தாளை வைத்து எழுதுகிறேன்.

இன்று காலை இந்தப் பழைய மொறிஸ் பிக்கப் மறுபடியும் விட்டு விட்டு ஓடி மிஸ் பண்ணியது. எஞ்சினை ஓடவிட்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றாவதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லை. அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பிளக்கை மாற்றினேன், வயரை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஈரம். ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு.

ஏற்றிய மீனின் வாடை போகட்டும் என்று நேற்றுப் பின்னேரம் எஞ்சினுக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். எங்கள் கிணறு உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர் என்பது உனக்குத் தெரியும். "துணியால துடையடா, ஊத்தாதை" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன், அப்பாவைப் பேசாலையிலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன அன்றும் எஞ்சினில் இதே இழுப்பு, இதே நடுக்கம். முதல்நாள் மத்தியானம் நீ பிளக் மாற்றித் தந்தாய். பின்னேரம் நான் எஞ்சினையும் சேர்த்துக் கழுவினேன். நடுவழியில் எஞ்சின் நின்றது. வேறு வாகனம் பிடிப்பதற்குள் அப்பா என் மடியிலேயே போய்விட்டார்.

செத்தவீட்டில் ஊர் பார்க்க, "நீ கை வைச்சதாலதான்ரா என்ர அப்பா போனவர்" என்று கத்தினேன். நீ போய், றோட்டில் நின்ற பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு உன்னோடு நான் பேசவேயில்லை. போன வருடம் உன் அடக்கத்துக்கும் வரவில்லை.

இன்று மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு உன் மனைவியிடம் போனேன். அதை அவளிடம் நீட்டினேன். அவள் மூடியைப் பார்த்தாள்.

"வண்டியை இழுத்து வந்த அண்டைக்கே அவர் இதைத் திறந்து பாத்தவர், அண்ணை. உங்களிட்டச் சொல்லச் சொல்லி நான் சண்டை பிடிச்சனான். 'தகப்பனைத் தானே கொன்றிட்டன் எண்டு தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான். என்னோட கோவிச்சுக்கொண்டு கிடக்கட்டும்' எண்டிட்டார்."

நான்கு வருடம் உன்னைத் திட்டித் திட்டியே நிம்மதியாகத் தூங்கினேன், மச்சான். அந்த நிம்மதியும் நீ தந்ததுதான். இனி அப்பாவை நான் சுமக்கவேண்டும். உன்னையும்.