கண்ணுக்கு நேரே தெரிந்த காலேஜ்

அன்பு மகள் திலகவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டியும் சேர்ந்து சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க நம் எல்லையம்மன் பார்த்துக்கொள்ளட்டும். எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. பள்ளிக்கூடம் போகாத கை, படகுக்குப் பெயர் எழுதியே பழகியது, அதைக் காகிதத்துக்குள் அடக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிடுகிறது. போனில் பேசலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் நான் மீன் விலை, மழை என்று பேசிவிட்டு வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நாலு நாளாக வாடைக் காற்று, யாரும் கடலுக்குப் போகவில்லை. உன் பூவராகன் மாமா புது பைக் வாங்கி அதை மணலில் ஓட்டப்போய் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, நாய் குறுக்கே வந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நம் தெருவில் அப்படி ஒரு நாய் கிடையாது. அது இருக்கட்டும். போன வியாழக்கிழமை அம்மா நண்டு வாங்கி, இது திலகாவுக்குப் பிடிக்குமே என்று தொக்கு செய்து, அடுப்படியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, உனக்குச் சொல்லாமல், முதுநகர் ஜங்ஷனில் ரயில் ஏறிவிட்டேன். ஆமாம் மகளே, நான் சிதம்பரம் வந்தேன். வந்துவிட்டு உன்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ரூமுக்குப் போனால் பூட்டியிருந்தது, நீ காலேஜ் போய்விட்டாய். மொட்டை மாடியில் நின்று பார்த்தேன், உன் காலேஜ் கட்டடம் வெள்ளை வெளேரென்று கண்ணுக்கு நேரே தெரிந்தது. அந்த மாடியில் நான் அன்றைக்கு அடித்த தம்பட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். கடலூரிலிருந்து நீ தினம் இருட்டோடு எழுந்து பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி வந்த கஷ்டத்தைப் பார்த்து, ஹாஸ்டலிலும் இடம் இல்லை என்று ஆனபிறகு, ரூம் தேட வந்தோம். உன்னோடு படிக்கிற புவனகிரிப் பெண் சத்யப்பிரியா, நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், காலேஜ் கேட்டுக்கு எதிர்ச்சந்து, நாலாவதாக நீயும் வா, வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றாள். நான்தான், ஜன்னல்கூட இல்லாத ரூமில் என் மகள் கருவாடு அடுக்கின மாதிரி படுக்கணுமா என்று உன்னை இழுத்துக்கொண்டு வந்து இந்த மாடி ரூமைக் காட்டினேன். வாடகையும் குறைவு, காற்றும் வருகிறது, காலேஜும் கூப்பிடு தூரம் என்றேன். கூட வந்த பூவராகன், மச்சான், தெரியறது சரி, போற வழி எங்கன்னு கேளு மொதல்ல, என்றான். நீயும் மெதுவாக, ஒருவாட்டி நடந்து பாத்துட்டு சொல்லுவோமேப்பா, என்றாய். நான் விட்டேனா? முப்பது வருசமா கரையைக் கண்ணால பாத்து படகு விட்டவன்டா, எனக்கே நீ தூரம் சொல்றியா, என்று அவனை அடக்கி அட்வான்ஸையும் கொடுத்துவிட்டேன். கடலில் கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வந்து சேர்ந்த மாதிரிதான், தண்ணீர்த் தொட்டியோ கோபுரமோ ஒன்றைப் பிடித்து படகின் முன்பக்க அணியத்தை அதற்கு நேரே திருப்பினால் போதும். தரையில் அப்படி இல்லை என்று இத்தனை வயசுக்கு எனக்குத் தெரியவில்லை.

சரி, நேராக நடந்து போய் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் கையில் தூக்குவாளியைக் கொடுப்போம் என்று வீட்டுக்குப் பின்னால் இறங்கினேன். வயல் வந்தது, அப்புறம் கோரை, அப்புறம் வாய்க்கால். இறங்கினால் முழங்கால் வரைக்கும் சேறு, வலது கால் செருப்பை அது வாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம், அதை ஒட்டி மதில். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், யோவ், எங்க போற, இங்க வழியே கெடையாது, பாலத்த சுத்திகினுதான் போவணும், என்று சத்தம் போட்டாள். காலேஜில் படிக்கிற பிள்ளைகள் எப்படிப் போகும் என்று கேட்டேன். அந்த மாடி வீட்டு நர்ஸ் பொண்ணா, அது பாவம், விடியறதுக்கு முன்னாடி ரோட்டுக்கு ஓடும், ஒரு பஸ்ஸ புடிச்சு ஸ்டாண்டுக்குப் போயி அங்கேர்ந்து இன்னொரு பஸ்ஸு, வுட்டுட்டா அழுதுகினே நடக்கும், எந்த மடையன் அதுக்கு அந்த ரூம பாத்துக் குடுத்தானோ, என்றாள். நான் சேற்றில் நின்றுகொண்டு, ஆமாம்மா, யாரோ மடையன்தான், என்றேன். 

பிறகு நீ போகிற வழியிலேயே நானும் வந்தேன். ரெண்டு பஸ் மாறி, நடுவில் கால் கடுக்க நின்று, வந்து சேர்வதற்குள் சாயந்திரம் காலேஜ் விடுகிற மணியே அடித்துவிட்டது. ஒற்றைக் கால் செருப்பும் சேறுமாகப் பிள்ளைகள் நடுவில் நிற்கக் கூச்சப்பட்டு, இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீ சத்யப்பிரியாவோடு வந்து வண்டிக்கு அந்தப் பக்கமே நின்றாய். அவள், இன்னொருவாட்டி லேட்டானா வார்டுக்குள்ள விடமாட்டாங்கடி, வருசமே போயிடும், இன்னும் அந்த இடம் காலியாத்தான் கெடக்கு, வந்துடேன், என்றாள். நீ, எங்கப்பா ஆசையா பாத்துக் குடுத்த ரூம்டி, சொன்னா அவரு மொகம் சுருங்கிப்போயிடும், என்றாய். உடனே பஸ் வர, அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாய். பஸ் நிற்காமல் போய்விட்டது. கடலில் பக்கத்துப் படகுக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிற எனக்கு, நாலு அடி தள்ளி நின்ற உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் குரல் வரவில்லை. எந்த முகத்தோடு வருவேன்? எத்தனை தடவை போனில், ரூம் எப்படிம்மா இருக்கு என்று பெருமையாகக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நீ, காத்து நல்லா வருதுப்பா, என்பாய். வழியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சத்யப்பிரியாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடு. அட்வான்ஸ் போனால் போகட்டும், உன் படிப்பு போகக்கூடாது. என் முகம் சுருங்கினால் சுருங்கட்டும், வெயிலில் ஏற்கெனவே சுருங்கின முகம்தானே. ஞாயிற்றுக்கிழமை பூவராகனோடு வந்து சாமான்களை மாற்றித் தருகிறேன், அவன் சொல்லிக்காட்டுவான், சொல்லட்டும். அந்த ரூமில் ஜன்னல் இல்லை, அதற்கு நம் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டு வருகிறேன், எங்களுக்குக் கடல் காற்று போதும். வந்ததும் முதல் வேலையாக ரூம் வாசலிலிருந்து காலேஜ் கேட் வரைக்கும் உன்னோடு நடந்து பார்ப்பேன், அதற்கப்புறம்தான் மூட்டையை அவிழ்ப்பேன். புதுச் செருப்பு வாங்கிக்கொள், அறுந்ததை ஊக்கு போட்டு மாட்டாதே, ஆஸ்பத்திரித் தரை வழுக்கும்.

ஒன்றை மறந்துவிடாதே. நண்டுத் தொக்கை ரயிலில் நானே சாப்பிட்டுவிட்டு, நீ விரலைச் சூப்பிச் சாப்பிட்டாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் போனில் கேட்டால் காரம் கொஞ்சம் ஜாஸ்தி என்று மட்டும் சொல்லு, அது நிஜம்.

நீ தொட்ட நோயெல்லாம் தீர்ந்து, நாலு பேர் கையெடுத்துக் கும்பிடும்படி நல்லா இரு, மகளே.

இப்படிக்கு,
அந்த ரூமைப் பார்த்துக் கொடுத்த மடையன்,
உன் அப்பா கோவிந்தசாமி