வயிற்று வலி என்று சொன்னேன், அமலா

என் அமலா கண்ணுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. ஊருக்கு நான் சொன்ன பொய்க்கும் அதே வயது. "தீராத வயிற்று வலி" என்றேன். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. திண்டிவனத்தில் ஒரு பெண்பிள்ளை தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டால் வீட்டார் சொல்வது அதுதான். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கக் கூடாது என்றுதானே சொன்னேன்?

ஐந்தாவதோடு படிப்பை விட்டு, ரேடியோக்களைக் கழற்றிப் பார்த்தே தொழில் கற்ற உன் அப்பன் இப்போது வீட்டில் டி.வி. வைத்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவே நம் கூடத்தில் உட்காருகிறது. ஐந்தாறு மாதம் முன்பு ஒரு தொடர் நாடகம். உன் வயசுப் பெண், பிளஸ் டூவில் பெயில். அந்த வாரம் செத்துப்போனாள். படத்துக்கு மாலை, பின்னால் வயலின். திட்டிய வாத்தியார் படத்தின் முன் மண்டியிட்டு அழுதார். "அவ ஜெயிச்சிட்டா" என்றான் அண்ணனாக நடித்தவன்.

எழுந்துபோய் அணைத்துவிட்டேன்.

"ஐயோ அண்ணே, கடைசி சீனு! போடுங்கண்ணே" என்றாள் எதிர்வீட்டு மேரி.

"செத்தவ எதம்மா ஜெயிச்சா?"

"டி.வி. பொட்டி வெச்சிக்கினு இருக்கிறவரு கோவிச்சிக்கினா நாம என்னா பண்றது? ஒரே பேஜாரு. வாங்கடி போவலாம்."

கூடம் காலியானது. உன் தங்கை ரோஸி மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் அவகிட்ட மன்னிப்பு கேட்டாங்கப்பா" என்றாள். "செத்தாத்தான் கேப்பாங்களா?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளிடம் உள்ளதைச் சொன்னேன். உனக்காக எவரும் மண்டியிடவில்லை. வகுப்பில் உன் இடத்தில் அடுத்த வாரமே வேறொருத்தி உட்கார்ந்தாள். உன் அம்மா இன்றைக்கும் உன் தட்டையும் சேர்த்துக் கழுவி வைக்கிறாள். அதைப் பார்க்க நீ இல்லை. அப்புறம், உன்னிடம் ஒருநாளும் கேட்காததை ரோஸியிடம் கேட்டேன்: "உனக்கு அப்படித் தோணுதாம்மா?"

"சில நாளு" என்றாள்.

நீ மார்க்குக்காகப் போகவில்லை. மூன்று மாதம் உனக்குத் தூக்கமில்லை. தலை பின்னிக்கொள்ளவில்லை. வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த, நீ ஆசையாகத் தின்னும் மல்லாட்டை உருண்டையைத் தொடவில்லை. நான் "திமிரு" என்றேன். கூடவே ஒரு டானிக் வாங்கிக் கொடுத்தேன். நாடகக்காரன் இதில் ஒன்றையாவது காட்டினானா? ஒரு பெயில், ஒரு மாலை, முடிந்தது கதை. அவன் சாவை அழகாக்கினான், நான் வயிற்று வலியாக்கினேன். எங்களில் யார் மோசம்?

டி.வி. நிலையத்துக்கு எழுதினேன். 'சாவுக்கு வயலின் வாசிக்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் யாராவது ஒருவர் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். டாக்டரிடம் கூட்டிப்போகட்டும். அடுத்த வாரம் அவள் யூனிஃபார்மோடு திரும்ப வரட்டும்.' அச்சடித்த கார்டு ஒன்று வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி.

அந்தக் கார்டுக்காக நான் காத்திருக்கவில்லை. நாடகத்துக்கு மறுவாரமே ரோஸியைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். பஸ்ஸில் முன் சீட்டில் மேரி, கிளியனூர் போகிறாள்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க? புள்ளைக்கு என்னா?"

வயிற்று வலி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரோஸி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசு சரியில்லம்மா. டாக்டர்கிட்ட காட்டப் போறோம். அமலாவுக்கும் இதான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மேரி கிளியனூரில் இறங்கும்போது ரோஸியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அது வரைக்கும் விறைத்து உட்கார்ந்திருந்த பிள்ளை, அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

இது திமிரல்ல, நோய், குணமாகும் என்றார் டாக்டர். மாதாமாதம் போகிறோம். சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை. இல்லாத நாளில் என்னிடம் சொல்கிறாள். உனக்கும் இதைச் செய்திருக்கலாம், அமலா.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர் படிக்கட்டும். நாடகத்தில் ஒரு பெண்ணை அவர்கள் பிழைக்கவிடும் வரை வாராவாரம் நிலையத்துக்கு எழுதுவேன். அவர்கள் கார்டு தீரட்டும், நான் ஓயமாட்டேன். ரோஸியிடம் தினமும் கேட்பேன். அவள் சொல்லி முடிக்கும் வரை வாய் திறக்கமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உனக்கும் ரோஸிக்கும்
அப்பா