கடைசி ஆள் ஏறும்வரை

3 செப்டம்பர் 1907, செவ்வாய்

நான் அப்படிச் சொல்லவில்லை. இதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைன் முழுவதும் பேச்சாம்: என் மகன் சுந்தரராஜ் இறந்து ஓராண்டு நிறைவதையொட்டி நடத்தும் நினைவுப் பந்தாட்டத்தில், எங்கள் மாதா கோயிலைச் சேராத பையன்கள் ஆடக்கூடாது என்பது அவன் தாயின் விருப்பமாம். பக்கத்து வீட்டு லூயிசா துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

"இன்னாம்மா, உங்க புள்ளயோட ஆடுன சம்பங்கிய வேணான்னுட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"ஏசுபாதம் வாத்தியார்தான் சொல்லினு கீறாரு. ஐடாம்மா கான்வென்ட்ல படிச்சவங்க, அவங்களுக்குன்னு ஒரு முறை கீதுன்னு."

கான்வென்டில் எனக்குக் கற்றுத்தந்த முறை, அடுத்தவர் பெயரில் பொய் சொல்லாதே என்பது.

5 செப்டம்பர், வியாழன்

வாத்தியாரை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போகப்போவதில்லை.

6 செப்டம்பர், வெள்ளி

வந்தார். நினைவுக் கமிட்டிக்குச் செயலாளர் அல்லவா, கழுத்தில் புது விசில். பெங்களூரில் வாங்கியதாம். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவிடாமல், 14ஆம் தேதி வாசிக்கப்போகும் உரையைப் படித்துக் காட்டினார். "சிங்கம்போல் கர்ஜித்துத் தன் அணியை நடத்தினான்."

யார், என் மகனா? ரசத்தில் உப்பில்லை என்பதைக்கூட என் காதருகே வந்து சொல்கிறவன்.

மதராஸிலிருந்து வந்த ஒரு துரை கற்றுக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம் அது. கல் சுமக்கும் மூங்கில் கூடைகள் இரண்டை இரண்டு கம்பங்களின் உச்சியில் கட்டி, பந்தை அதில் போட வேண்டும். விழுந்த பந்தை யாராவது ஏறி எடுக்க வேண்டும். இடது கையில் இரண்டு விரல் ஒடிந்து கட்டுப் போட்டிருந்தபோதும் ஏறியவன் சுந்தரராஜ்தான். யாரையும் ஏவமாட்டான். ஆட்டம் தொடங்குமுன் கம்பத்தை மூன்று முறை தட்டுவான். அவ்வளவுதான் அவன் கர்ஜனை.

அந்தத் தட்டு சுரங்கத்துத் தட்டு. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் கடைசி ஆள் ஏறி, கதவைச் சாத்தி, மூன்று தட்டு கொடுத்தால்தான் கேஜ் நகரும். ஓர் ஆள் வெளியே நின்றாலும் தட்டக்கூடாது. வாத்தியார் கேஜில் கால் வைத்ததே இல்லை. அவருக்கு விசில்தான் தெரியும்.

சம்பங்கி விஷயத்தைக் கேட்டேன்.

"கோயில் மைதானம், கோயில் பிள்ளை நினைவு. நம்ம பிள்ளைங்க ஆடினா போதும்மா. உங்க மனசுலயும் அதான இருக்கும்?"

"என் மனசுல இருக்கிறது எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்."

சிரித்துவிட்டு எழுந்து போனார். காபியைக் குடிக்கவில்லை. நல்ல பால்.

8 செப்டம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் சம்பங்கி. கால் கழுவாமல் உள்ளே வரமாட்டான். அதை நான் சொல்லிப் பழக்கினேன். ஆட்டத்துக்கு அவனை அழைத்து வந்தது சுந்தரராஜ். அணியில் பாதிப் பேர் அப்படி வந்த, கோயிலைச் சேராதவர்கள்.

"நான் ஆடலன்னா இன்னா இப்போ? அண்ணன் பேர்ல சண்ட வேணாம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாரும் எனக்கு அடக்கம் கற்றுத்தர வருகிறார்கள்.

பிறகு அவன், முன்பும் சொன்னதைத் திரும்பச் சொன்னான். பாறை சரிந்த அன்று எல்லாரையும் கேஜில் ஏற்றி, சம்பங்கியைக் கடைசியாக உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினானாம் என் மகன். "பாறைக்குள்ள இன்னொருத்தன் மாட்டினு கீறான், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு, வெளியில் நின்றே மூன்று தட்டு தட்டினானாம்.

ஆள் வெளியே நிற்கும்போது அவன் தட்டியது அந்த ஒரு தடவைதான் — நின்ற ஆள் அவன்தான் —

போதும்.

12 செப்டம்பர், வியாழன்

மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்களாம். ஆடுகிறவர்கள் மட்டும் உள்ளே. எனக்கு நாற்காலி போடுகிறார்களாம். மிக்க நன்றி.

14 செப்டம்பர், சனி

போனேன். கறுப்புச் சேலை. நாற்காலியில் தூசி, நானே துடைத்துக்கொண்டேன்.

உரை முடிந்தது, சிங்கத்தோடு. வாத்தியார் விசில் ஊதினார். யாரும் அசையவில்லை. மறுபடி ஊதினார். நம் அணியில் ஆட நின்ற கோயில் பையன் இன்பராஜ் பந்தை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஆடுங்கடா. இன்னாடா பாக்கிறீங்க?"

"தட்டு கேக்கல சார்," என்றான் இன்பராஜ்.

"நீயே தட்டேன்டா."

"எப்படி சார்? ஆளுங்க இன்னும் ஏறல."

கயிற்றுக்கு வெளியே சம்பங்கியும் மற்றப் பையன்களும் நின்றார்கள். எதிரணி மாரிக்குப்பத்துக்காரர்கள், அவர்களாவது தொடங்குவார்கள் என்று வாத்தியார் நினைத்திருப்பார். அவர்களும் கேஜில் இறங்குகிறவர்கள். ஒருவன் உட்கார்ந்தே விட்டான்.

வாத்தியார் வியர்வையோடு என் நாற்காலிக்கு வந்தார். "அம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "என் விருப்பம்னுதானே ஊரெல்லாம் சொன்னீங்க, வாத்தியார்? என் விருப்பம் அதோ, கயித்துக்கு அந்தாண்ட நிக்குது."

அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. பொழுது சாய்ந்தது, கூட்டம் கலைந்தது. பந்து மைதானத்தின் நடுவில் கிடந்தது. சம்பங்கிக்குத் தானே கயிற்றைத் தாண்டி வரத் தெரியாதா? இன்பராஜுக்கு அதைத் தூக்கிவிடத் தெரியாதா? எல்லாம் நானே சொல்ல வேண்டுமா?

ஆட்டம் பார்க்கத்தான் போனேன். பார்க்கவில்லை.

15 செப்டம்பர், ஞாயிறு

கிழவி ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்று இன்றைய பேச்சு. இருக்கட்டும். இதில் பாதியாவது உண்மை.

சாயங்காலம் இன்பராஜும் மாரிக்குப்பத்துத் தலைவனும் வந்தார்கள், சம்பங்கியை நடுவில் விட்டு. வரும் சனிக்கிழமை ஆடுகிறார்களாம்.

"வாத்தியார் ஒத்துக்கிட்டாரா?"

"கயித்த அவுத்துட்டாரும்மா. வாயத் தொறக்கல."

வாயைத் திறக்காத சம்மதத்தை நான் நம்புவதில்லை. நாளைக்கு என் விருப்பம் என்பார்.

16 செப்டம்பர், திங்கள்

இன்று காலை லூயிசா கையில் கொடுத்தனுப்பியதன் நகல்:

ஏசுபாதம் வாத்தியார் அவர்களுக்கு,

வரும் 21, சனிக்கிழமை மாலை என் மகனின் நினைவு ஆட்டம் நடக்கும். அவனோடு ஆடியவர்கள் எல்லாரும் ஆடுவார்கள். கயிறு வேண்டாம், விசில் வேண்டாம். கடைசியாக மைதானத்துக்குள் வருகிறவன் சம்பங்கி. கம்பத்தைத் தட்டுகிறவனும் அவனே. உரையை மறுபடி வாசிப்பதானால் சிங்கத்தை எடுத்துவிடுங்கள்.

கமிட்டிக்கு இதில் மறுப்பு இருந்தால், கமிட்டியின் பெயரிலேயே மறுக்கவும். என் பெயரைப் போட வேண்டாம்.

சம்மதமோ மறுப்போ, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும்.