பச்சை கவுன்காரியின் நெற்றி

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் வரும் என்று போக்குக் காட்டுகிறது. ஷெட்டில் ஃபேன் போட வழியில்லை, தூசி பறக்கும்.

பிரகாஷ் சார் சென்னை கிளம்பிவிட்டார். மிஷினுக்குப் புது இரும்புக் குண்டு, ரப்பர் வளையம் வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை வருவாராம். அதுவரை வேங்கிக்கால் ரிப்பேர் ஷெட் என் பொறுப்பு. இருப்பது ஒரே மிஷின், ராஜி அம்மாவுடையது. அந்தக் காலத்துப் பின்பால் விளையாட்டு மிஷின். மேலே கண்ணாடி, அடியில் சாய்வான பலகை, அதில் இரும்புக் குண்டு ஓடும். பலகை முழுக்கப் படம். நடுவில் பச்சை கவுன் போட்ட ஒரு பெண். கல்யாணப் பத்திரிகைக்குப் பதினோரு வருஷம் ஸ்கிரீன் பிரிண்டிங் போட்டவள் நான். இதுவும் அதே அச்சுதான், காகிதத்துக்குப் பதில் மரம். அதனால்தான் சார் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

சுவரில் சார் எழுதி ஒட்டியது:
- தண்ணீர் கூடாது. கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் கூடவே கூடாது.
- லைட்டர் பெட்ரோல், துணியில் தொட்டு. முதலில் ஓரத்தில் சோதனை.
- கடைசியில் மெழுகு. மெல்லிசாக, இரண்டு தடவை.
- வெள்ளை ஸ்பாஞ்ச், ஸ்பிரிட்: பெயின்டையே எடுத்துவிடும், என்னைக் கேட்காமல் தொடாதீர்கள். (இரண்டு அடிக்கோடு.)

ஆறு துணி கறுப்பானது. பெண்ணின் முகம் பளிச். முகத்தில் மட்டும் வார்னிஷ் நூல் நூலாக வெடித்திருக்கிறது, ஜாக்கிரதை. ராஜி அம்மாவின் கணவர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மிஷின். அவர் போன வருஷம் தவறிவிட்டார். இந்தப் பெண்ணையும் ராஜி என்றுதான் கூப்பிடுவாராம். ஞாயிறு அம்மா பார்க்க வருகிறார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய். வாழைப்பழம் விலை கேட்டு மயக்கம் வராத குறை.

ஸ்க்ரூடிரைவர் முதல் டேபிள் லைட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மிஷினுக்கு நாலு காலிலும். கண்ணாடியைக் கழற்றித்தான் வைத்திருந்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். நல்ல நாளும் அதுவுமாக வெறும் நெற்றி. கை தானாகப் போனது. சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம். லட்சணமாகத்தான் இருந்தாள்.

சாமி கும்பிட்டுப் பூட்டிவிட்டு வந்தாயிற்று. பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது.

அக்டோபர் 2, வியாழன்

கற்பூரம் காட்டிவிட்டுத் துடைத்தேன். மற்ற எல்லாவற்றிலும் போய்விட்டது. நெற்றியில் போகவில்லை. சந்தனம் உதிர்ந்தது. குங்குமச் சாயம் வெடிப்புக்குள் இறங்கி, அடிபட்ட இடம் மாதிரி சிவப்பு.

லைட்டர் பெட்ரோல். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும். சுற்றிலும் ரோஸ் படர்ந்தது. நிறுத்திவிட்டேன்.

புத்தி எங்கே போச்சு எனக்கு? சாயம் இறங்கினால் இறங்கியதுதான் என்று தெரியாதவளா நான்? அதுவும் யார் மிஷினில். ராஜி அம்மா பொட்டு வைப்பதை விட்டு ஒரு வருஷமாகிறது. அவர் கணவர் ராஜி என்று கூப்பிட்ட பெண்ணுக்குக் குங்குமம் வைத்து அனுப்பினால் என்ன நினைப்பார்? குத்திக்காட்டுகிறேன் என்றுதானே?

சார் போன். எல்லாம் ஓகேவா என்றார். ஓகே சார் என்றேன். பாழாய்ப்போன நாக்கு.

அக்டோபர் 3, வெள்ளி

என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் டிரிப்புக்கு வேனை எடுக்கப் போகும்போது சொன்னேன். "ஒத்துக்காத. வரும்போதே அப்படித்தான் இருந்துச்சுனு சொல்லிடு" என்றார். மிஷின் வந்த அன்றே சார் நூறு போட்டோ எடுத்துவிட்டது அவருக்கு எங்கே தெரியும்.

பதினோரு மணி. வெள்ளை ஸ்பாஞ்சை எடுத்தேன். சாரைக் கேட்கவில்லை. ஸ்பிரிட் இரண்டு சொட்டு. லேசாக மூன்று தடவை. சிவப்பு குறைந்தது! சந்தோஷத்தில் நாலாவது தடவை. ஸ்பாஞ்சைத் திருப்பிப் பார்த்தால் தோல் நிறம். அவள் தோல்.

இப்போது நெற்றியில் அரிசி அளவு வெறும் மரம், சுற்றி ரோஸ். பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். வேலை போகும். போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், பயம் கம்மியாகவில்லை. அந்த அம்மா முகத்தை நினைத்தால்தான் ஜாஸ்தியாகிறது.

அக்டோபர் 4, சனி

தூறல். வீட்டில் பழைய அச்சு இங்க் இருந்தது. தோல் நிறம் கலந்து அட்டையில் தடவிப் பார்த்தேன். அச்சு அசல். ஒரு புள்ளி வைத்தால் மரம் மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. பிரஷ்ஷை நெற்றிவரை கொண்டுபோனேன். கீழே வைத்துவிட்டேன்.

சாருக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன், ஸ்பாஞ்ச் உட்பட. "இனிமே எதையும் தொடாதீங்க கலா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

பௌர்ணமி கிரிவலத்துக்கு இன்றே கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. எனக்கு முன்னால் சார் வந்துவிட்டார். லென்ஸ் வைத்து நெற்றியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பத்தரைக்கு ராஜி அம்மா ஆட்டோவில். உட்காரக்கூட விடாமல் சொல்லிவிட்டேன். நல்ல நாள், வெறும் நெற்றி, பொட்டு, ஸ்பாஞ்ச். அம்மா பலகை மேல் குனிந்தார். நிமிரவேயில்லை. குனிந்தபடியே பேசினார்.

"நானும் அவர்கிட்ட கேப்பேன், தீபாவளி பொங்கலுக்காவது இவளுக்கு ஒரு பொட்டு வெக்கட்டானு. வெக்கவே விட மாட்டாரு. பெயின்ட் போயிடும்பாரு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "போயிடுச்சா?"

"கொஞ்சம் போயிடுச்சும்மா."

"அப்ப அவர் சொன்னது சரிதான்."

சிரித்தார். பாதியிலேயே நின்றுவிட்டது. நாற்காலி இழுத்துப் போட்டேன், உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

போகும்போது சொன்னார்: மரம் தெரிகிற இடத்தை மட்டும் மூடினால் போதும், சிவப்பு இருக்கட்டும். சார் பிரஷ்ஷை எடுப்பார் என்று நினைத்தேன். "நீங்களே பண்ணுங்க" என்று என்னிடம் நீட்டினார். நாளை காலை. கலந்து வைத்த தோல் நிற இங்க்கைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.