கோணிக்குள் இருந்த துணிகள்

திருவொற்றியூர்
12-9-1953

என் கண்ணான மகள் முப்பிடாதிக்கு அம்மா செண்பகவடிவு ஆசி கூறி எழுதுவது. வடிவுடையம்மன் காவலில் இங்கே எல்லோரும் சுகம். இந்த வரியைப் போன வாரம் எழுதியிருந்தால் பொய்யாகப் போயிருக்கும், அதனால்தான் காகிதத்தை எடுக்கவே பயந்து கிடந்தேன். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், ஏழு மாசம் முடிந்துவிட்டதே, பிள்ளை நன்றாகப் புரளுகிறதா? ஐயாவுக்கு முட்டிவலி, ஆனாலும் கடையில் புளி மூட்டை மேல் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவதில் ஒரு குறையும் இல்லை. அம்மா, நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு ஒரு பயமும் கிடையாது என்று எழுதியிருந்தாய். ஐயாவும் விசாவுக்கு அலையாத அலைச்சல் இல்லை, செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். நான் வர வழியில்லை என்று தெரிந்த அன்று சோறு இறங்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உன் அண்ணன் ராமசுப்புவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இன்றோடு இருபத்திரண்டு நாள், காலும் கையும் கொழுகொழுவென்று இருக்கிறான். ஆனால் இந்தக் கடிதம் அவனைப் பற்றி இல்லை, உன் மதினி பூமாரியைப் பற்றி. பெரம்பூர் ரயில்வே பட்டறைக்காரர் மகள், எட்டாங்கிளாஸ் திமிர் என்று அவளை நான் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன், உனக்குத் தெரியாததா. அந்த வாயை இப்போது புளி போட்டுத் தேய்க்க வேண்டும் போல இருக்கிறது. பிரசவம் வீட்டில்தான், மருத்துவச்சி வந்து சுருக்கமாகவே முடிந்தது. நம் வீட்டு வழக்கம் தெரியுமே, பிள்ளை பெற்ற அறைத் துணியை யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது, விடியுமுன் வண்ணாத்தி வந்து சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மூன்றாம் நாள் பூமாரி, அத்தை, ரொம்பப் போகுது என்றாள். அது கெட்ட ரத்தம், போகப் போக உடம்புக்கு நல்லது, பேசாமல் லேகியத்தைத் தின்னு என்றேன். ஐந்தாம் நாள் மறுபடி சொன்னாள், அதட்டிவிட்டேன். அப்புறம் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வண்ணாத்தியிடம், மொத்தமாக எடுத்துக்கலாம், இனிமேல் நான் சொல்கிற அன்றைக்கு வா என்று சொல்லிவிட்டு, காலி துவரம்பருப்புக் கோணி ஒன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளி அதற்குள் எல்லாத் துணியையும் போட்டு வைத்திருக்கிறாள். நான் அறையில் நாற்றமடிக்கிறதே என்று சாம்பிராணி போட்டுப் போட்டுப் புகைத்தேனே தவிர, எங்கிருந்து வருகிறதென்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. பாவி!

ஏழாம் நாள் தெருவுக்கு வருகிற நர்சு ரோஸ்மேரி வாசலில் வந்து நின்றாள். தாயும் பிள்ளையும் ஜம்மென்று இருக்காங்க, தீட்டு வீடு, அப்புறம் வாங்க என்று நானே திருப்பி அனுப்பப் பார்த்தேன். உள்ளே இருந்து சிஸ்டர் என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்து, இன்னொரு கையால் அந்தக் கோணியைத் தரதரவென்று நிலைப்படி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூத்த பெண்ணைப் பெத்தப்ப ஒரு நாளைக்கு நாலு துணி சிஸ்டர், இவனைப் பெத்ததுக்கு நேற்று மட்டும் பதினொன்று என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரோஸ்மேரி கோணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, இத்தினி ரத்தம் போய்கினு கீது, நீ சாம்பிராணி போட்டுகினு குந்திகினு கீறியே என்று என்னைக் கேட்டாள். ரிக்‌ஷா பிடித்து அவளே மடியில் சாய்த்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். நச்சுக்கொடித் துண்டு ஒன்று உள்ளேயே தங்கி அழுகிக்கொண்டிருந்ததாம், எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் எங்களால் ஆகியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள். உன் அண்ணன் ரத்தம் கொடுத்தான், கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தான், அந்த நிலைமையிலும் பூமாரி அவனைப் பார்த்துச் சிரித்தாள். என்ன நெஞ்சழுத்தம், என்ன புத்தி! என் வயிற்றில் பிறக்கவில்லையே என்று ஏங்குகிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் சித்தி நினைவுக்கு வந்தாள். உனக்கு யார் பெயரை வைத்தோமோ அவள்தான். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் போனாள், அம்மன் கூப்பிட்டுக்கொண்டாள் என்று எல்லோரும் சொன்னோம். அவளும் அக்கா, ரொம்பப் போகுது என்று என்னிடம்தான் சொன்னாள். கெட்ட ரத்தம் போகட்டும் என்று நான்தான் சொன்னேன். அவள் துணியையும் விடியுமுன் வண்ணாத்தி கொண்டு போய்விட்டாள். இருபத்துமூன்று வருஷமாக நான் இதை யாரிடமும் சொன்னதில்லை, உனக்கு எழுதுகிறேன்.

பூமாரி இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள், பக்கத்தில் இருந்து இதை எழுது அதை எழுது என்கிறாள். பிள்ளை பெற்ற பிறகு ஒரு துணி ஒரு மணி நேரத்துக்குள் நனைந்தாலும், கட்டிகட்டியாக விழுந்தாலும், நாற்றமடித்தாலும், குளிர்ஜுரம் வந்தாலும் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, முகமும் வீங்கித் தலைவலியும் கண் மங்கலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. தாகம் எடுத்தால் தண்ணீர் குடி, பச்சை உடம்பு என்று யாராவது தடுத்தால் சண்டை போடு. மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, வெட்கப்படாதே.

நான் வரவில்லையே என்று அழாதே அம்மா. வந்திருந்தால் உன் துணியையும் விடியுமுன் நானே சுருட்டிக் கொடுத்திருப்பேன். தாவூது தம்பி அடுத்த வாரம் கொழும்புக்கு வருகிறார், அவர் கையில் ஒரு பொட்டலம் தருகிறேன். லேகியம் என்று நினைக்காதே, ஐயாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போட்ட துணி, பூமாரி மடித்து வைத்தது. எல்லாம் வெள்ளை, கலர்த் துணியில் ரத்தம் எவ்வளவு என்று தெரியாதாம். தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் இருங்கள். ஒவ்வொன்றையும் எண்ணு, மறந்துவிடாதே.

உன் சித்தியைக் காப்பாற்றத் தெரியாத,
உன் அம்மா
செண்பகவடிவு